சுருதி சேராத இசைத்தட்டு: ஒரு மாஸ்டர் டேப்பை விசாரித்த கதை

எண்பதுகளில் வடசென்னையில் கல்யாணம் காட்சிக்குப் போய்வந்தவர்கள் அந்த நாதஸ்வர இசைத்தட்டைக் கேட்காமல் இருந்திருக்க முடியாது. திருவொற்றியூரிலிருந்து புளியந்தோப்பு வரை, மேளக்காரர்கள் பந்தியில் உட்காரும் நேரத்தில் மைக் செட்காரர் போட்டுவிடுவது அதைத்தான். முதல் பக்கம் முழுக்கத் தோடி ராகம்: ஆலாபனை, கீர்த்தனை, கடைசியில் தவில் தனி. வாசித்தவர் திருவொற்றியூர்ப் பக்கத்து வித்வான், இப்போது இல்லை. குடும்பத்தார் கேட்டுக்கொண்டபடி அவர் பெயரையும், தட்டின் பெயரையும், வெளியிட்ட கம்பெனியின் பெயரையும் இங்கே எழுதவில்லை.

அவருடைய பேரன் நாதஸ்வரம் படிக்கிறார். தாத்தாவின் பிடிகளை அப்படியே கற்றுக்கொள்ள வேண்டும் என்று தட்டைப் போட்டுவிட்டுக் கூடவே வாசித்துப் பார்த்திருக்கிறார். சேரவில்லை. இரண்டரைக் கட்டைக்கு (கட்டை என்பது சுருதியின் அளவு) வாசித்தால் தட்டு மேலே நிற்கிறது. மூன்றுக்குப் போனால் தட்டு கீழே நிற்கிறது. அந்தக் காலத்து நாயனத்தின் அளவே வேறு என்றார் அவருடைய குரு. ரெக்கார்ட் பிளேயர் சரியில்லை என்றார் இன்னொருவர். வேறு பிளேயரில் போட்டுப் பார்த்தும் அதே கதைதான். கடைசியில் என்னிடம் வந்தார். பெரம்பூரில் பழைய டேப் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பதும், ஸ்பூல்களில் இருப்பதைக் கணினிக்கு மாற்றித் தருவதும் என் வேலை.

"தாத்தா நெஜமா எந்தச் சுருதியில வாசிச்சாருண்ணா? அத மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்ல முடியுமா?"

இந்த ஆய்வு முழுக்க அந்த ஒரு கேள்விக்கான பதில்தான்.

இசைத்தட்டையும் கேசட்டையும் மட்டும் வைத்துக்கொண்டு அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஸ்டூடியோவில் வாசித்தது முதலில் கால் அங்குல அகல டேப்பில் பதிவாகும். அதை வெட்டி ஒட்டிச் சீர்செய்தால் அதுதான் மாஸ்டர். அதிலிருந்து ஒரு நகல் எடுத்துத் தட்டு அழுத்தும் தொழிற்சாலைக்கு அனுப்புவார்கள். அங்கே அரக்குத் தகட்டில் வெட்டி, அதிலிருந்து உலோக அச்சு எடுத்து, அப்புறம்தான் நம் கைக்கு வரும் தட்டு. வழியில் எந்தப் படியில் வேகம் மாறியிருந்தாலும் சுருதி மாறும். எந்தப் படியில் மாறியது என்று தட்டைப் பார்த்துச் சொல்ல வழியில்லை.

டேப் கிடைத்த இடம்

அந்தப் பதிவின்போது டேப் இயந்திரத்தைக் கவனித்துக்கொண்ட பெரியவர் வடசென்னையில் பட்டாளம் பகுதியில் இருக்கிறார். கோடம்பாக்கத்தில் அவர் வேலை பார்த்த ஸ்டூடியோவை மூடியபோது, அழித்துத் திரும்பப் பயன்படுத்துவதற்காக ஒதுக்கிவைத்திருந்த ரீல்களில் சிலவற்றைக் கேட்டு வாங்கி வீட்டுப் பரணில் போட்டுவைத்திருந்தார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அந்தத் தெருவில் தண்ணீர் கட்டில் மட்டத்துக்கு ஏறியது. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்ததெல்லாம் போயிற்று. பரணில் இருந்ததால் ரீல்கள் தப்பின.

இரண்டு பெட்டிகள், பக்கத்துக்கு ஒன்று. பத்தரை அங்குல ரீல். பெட்டியின் பின்புறத்தில் பால்பாயிண்ட் பேனாவில் எழுதியது மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது: 1982, விநாடிக்கு 15 அங்குலம், ஸ்டீரியோ, என்.ஏ.பி. (ஒலியைச் சமன்செய்யும் ஒரு முறை), டோன் தலைப்பில் (டேப்பின் தொடக்கத்தில் அளவொலி). அதன் கீழே டேக் (ஒவ்வொரு முறை வாசித்த பதிவு) எண்களும் நேரமும். ஆலாபனையின் முற்பகுதிக்கு எதிரே மாலை 4 மணி, பிற்பகுதிக்கு எதிரே இரவு 7.30. இந்த இரண்டு நேரங்களும் பின்னால் முக்கியமாகப் போகின்றன.

இது மாஸ்டர்தானா, நகலா என்பதை முதலில் பார்க்க வேண்டும். "மாஸ்டர்" என்று பெட்டியில் எழுத யாருக்கும் கை வலிக்காது. டேப்பின் உடம்பில்தான் அடையாளம் இருக்கும். மெதுவாகக் கையால் சுற்றிப் பார்த்தபோது அங்கங்கே சாய்வாக பிளேடால் வெட்டி, பின்பக்கம் வெள்ளை ஒட்டுப்பட்டை ஒட்டியிருந்தது தெரிந்தது. நகலுக்கு இந்த ஒட்டுகள் வராது. ஒட்டின் சத்தம் வரும், ஒட்டு வராது. வித்வான் வாசித்தபோது ஓடிய அதே டேப்தான் நம் கையில் இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஓட்டுவதற்கு முன்

இப்படி ஒரு டேப் கிடைத்ததும் உடனே மாட்டி ஓட்டிப் பார்க்கத்தான் கை துடிக்கும். அந்த அவசரத்தில் போன டேப்புகள் நிறைய. எழுபதுகளிலிருந்து தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை வந்த ஆம்பெக்ஸ் 406, 456 போன்ற டேப்புகளில் காந்தத் துகள்களைப் பிடித்துவைத்திருக்கும் பாலியூரித்தேன் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிச் சிதைந்துவிடும். ஓட்டினால் டேப் கீச்சிடும், ஹெட்டில் பழுப்புப் பிசுக்கு படியும். அந்தப் பிசுக்கில் பாட்டும் சேர்ந்துதான் உரிந்து வருகிறது. கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வருடம் முழுக்க ஈரக்காற்று அடிக்கும் ஊரில், ஏசி இல்லாத பரணில், நாற்பது வருடம் கிடந்த டேப்பை இந்தச் சந்தேகத்தோடுதான் தொட வேண்டும். எங்கள் ரீல் 406. முதல் சில அடி வெற்று டேப்பை மட்டும் கையால் இழுத்துப் பார்த்தபோதே அடுத்த சுற்றிலிருந்து பிரிய மறுத்து ஒட்டிக்கொண்டு வந்தது.

இதற்கு வைத்தியம் சூடேற்றுவது. ஆம்பெக்ஸ் கம்பெனியே காப்புரிமை வாங்கிய முறை. 54 டிகிரி செல்சியஸை ஒட்டிய மிதமான சூட்டில் பல மணி நேரம் வைத்தால் ஈரம் வெளியேறிப் பசை தற்காலிகமாக இறுகும். சில வாரங்களுக்கு டேப் ஒழுங்காக ஓடும். அதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும். அதே சமயம் எல்லா டேப்பையும் சூடேற்றக் கூடாது. அறுபதுகள் வரை இருந்த அசிடேட் டேப்புக்குச் சூடு எமன், அது சுருண்டுவிடும். ரீலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அசிடேட் சுற்றுகளின் ஊடே ஒளி தெரியும், பாலியெஸ்டரில் தெரியாது. எங்களுடையது பாலியெஸ்டர். பழம் காயவைக்கும் மின்சார உலர்த்தியில், தனியாக ஒரு தெர்மாமீட்டர் வைத்து, நடுநடுவே ரீலைப் புரட்டிப் போட்டு எட்டு மணி நேரம் சூடேற்றினோம். அதே அளவு நேரம் ஆறவிட்டோம். வீட்டு அடுப்பும் மைக்ரோவேவும் இதற்கு ஆகாது. அடுப்பில் சூடு ஏறி இறங்கும். மைக்ரோவேவைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

சூட்டில் ஒட்டுப்பட்டைகளின் பசை வறண்டு சில பிரிந்தன. ஒவ்வொன்றையும் பழைய வெட்டிலேயே சேர்த்துப் புதுப் பட்டை ஒட்டினோம். ஒரு மில்லிமீட்டர்கூட வெட்டவில்லை.

டோன் சொன்னது

என்னிடம் இருப்பது ரெவாக்ஸ் பி77 டேப் இயந்திரம், 15 அங்குல வேகத்துக்கானது. ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். மாஸ்டர் டேப்பைக் கேட்பது என்றால், நம் இயந்திரத்தை அந்த டேப்பின் இயந்திரமாக மாற்றிவிட்டுக் கேட்பது. அந்த வேலையைச் செய்யாமல் போட்டால் கேட்பது டேப்பை அல்ல, நம் இயந்திரத்தின் குறையைத்தான்.

எடுத்துக்காட்டாக ஈக்குவலைசேஷன்: பதியும்போது ஏற்றி இறக்கிய மேல், கீழ் ஒலிகளை ஓட்டும்போது சமன்செய்வது. அமெரிக்க வழக்கமான என்.ஏ.பி., ஐரோப்பிய வழக்கமான ஐ.இ.சி. என்று இரண்டு முறைகள் உண்டு. என்.ஏ.பி.யில் பதிந்ததை ஐ.இ.சி. அமைப்பில் ஓட்டினால் மேல் ஒலிகள் 3 டெசிபல் அளவுக்கு அடங்கிப்போகும், அடியொலி கொஞ்சம் ஊதும். "அனலாக்கின் இதமான ஒலி" என்று பலர் மயங்குவது சில இடங்களில் இந்தத் தவறான அமைப்பைத்தான் என்று எனக்கு உறுதியான எண்ணம் உண்டு. இரண்டாவது அசிமத். ஹெட்டின் இடைவெளி டேப்புக்குச் செங்குத்தாக, பதிந்த இயந்திரத்தில் இருந்த அதே சாய்வில் நிற்க வேண்டும். இம்மி விலகினாலும் ஜால்ராவின் மினுமினுப்பு போய்விடும்.

இதையெல்லாம் சரிபார்க்கத்தான் டேப்பின் தலைப்பில் டோன் பதிந்து வைப்பார்கள். 100, 1000, 10,000 ஹெர்ட்ஸ் என மூன்று. 10,000 டோனில் இரண்டு சானல்களையும் சேர்த்து, முள் உச்சத்துக்கு வரும்வரை அசிமத் திருகைத் திருப்பினோம். மூன்று டோன்களும் ஒரே அளவில் நிற்கும்வரை ஈக்குவலைசேஷனைச் சரிசெய்தோம். இதுவரை எந்த டேப்புக்கும் செய்வதுதான்.

அப்புறம் டோனின் அலைவெண்ணை அளந்தோம். 1000 இருக்க வேண்டிய இடத்தில் 1020 காட்டியது.

டோன் உண்டாக்கும் கருவி பழசாக இருந்திருக்கலாம். அந்தக் காலத்துக் கருவிகளில் இரண்டு சதவீதப் பிசகு சாதாரணம். ஆகவே மற்ற இரண்டையும் அளந்தோம். 102, 10,200. கருவியின் பிசகாக இருந்தால் ஒவ்வொரு வரம்பிலும் ஒவ்வொரு அளவாக இருக்கும். மூன்றும் ஒரே விகிதத்தில் ஏறியிருப்பதால் சந்தேகம் வேகத்தின் பக்கம் திரும்பியது. எங்கள் இயந்திரம் வேகமாக ஓடவில்லை என்பதை அளவு டேப் போட்டு உறுதி செய்துகொண்டோம். அப்படியானால் 1982இல் அந்த ஸ்டூடியோ இயந்திரம் இரண்டு சதவீதம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாக ஓடிப் பதிந்ததைச் சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறும்.

பெரியவரிடம் கேட்டோம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"அதெப்படிப்பா மெதுவா ஓடும்? ஸ்டூடியோ பூரா ஸ்டெபிலைசர் போட்டிருந்துச்சே."

அவர் சொன்னது உண்மை. ஆனால் ஸ்டெபிலைசர் வோல்டேஜைத்தான் நிலைநிறுத்தும். மின்சாரத்தின் அலைவெண்ணை அது தொடாது. எந்த இயந்திரம் என்று விசாரித்தோம். பழைய ஆம்பெக்ஸ், டேப்பை இழுக்கும் உருளையான கேப்ஸ்டனைச் சுழற்றுவது சிங்க்ரனஸ் மோட்டார். அந்த வகை மோட்டார் வோல்டேஜைப் பார்த்து ஓடுவதில்லை, அலைவெண்ணைப் பார்த்து ஓடும். 50 ஹெர்ட்ஸ் வந்தால் சரியான வேகம், 49 வந்தால் இரண்டு சதவீதம் குறைவு. ரெவாக்ஸ், பிந்தைய ஸ்டூடர் போன்றவை எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டில் ஓடுவதால் அவற்றுக்கு இந்தப் பாதிப்பு இல்லை.

அந்த நாட்களில் நம் மின்கட்டமைப்பில் 50 என்பது பெயரளவுக்குத்தான். தேவை உற்பத்தியை மிஞ்சும்போது ஜெனரேட்டர்களின் சுழற்சியே மட்டுப்படும், அலைவெண் 49க்கும் கீழே சரியும். விளக்கு வைக்கும் நேரத்தில் இது அடிக்கடி நடந்தது. அலைவெண் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்து மின்வாரியங்கள் தரும் விலை மாறும் என்ற ஏற்பாடு 2003 தொடக்கத்தில் தென்மண்டலத்துக்கு வந்த பிறகுதான் நிலைமை சீரானது.

ஒன்பதாவது நிமிட ஒட்டு

கணக்கு பொருந்துகிறது என்பதற்காக மட்டும் நாற்பது வருடமாக ஊர் கேட்ட சுருதியைத் தவறு என்று சொல்லிவிட முடியாது. இன்னும் கெட்டியான சான்று தேவைப்பட்டது. அது ஆலாபனைக்கு நடுவிலேயே இருந்தது.

தட்டைக் கேட்டு வளர்ந்தவர்கள் எல்லோரும் சொல்லும் ஓர் இடம் உண்டு. ஏறத்தாழ ஒன்பதாவது நிமிடத்தில், மேல் ஷட்ஜத்தில் நின்றுவிட்டு வித்வான் மூச்செடுத்து மறுபடி தொடங்கும்போது வாசிப்பு சட்டென்று ஒரு படி உயிர்பெறும். "அங்கதான் அவருக்கு சாமி வரும்" என்பார் பேரனின் பெரியப்பா. டேப்பில் அந்த இடத்தில் ஓர் ஒட்டு இருக்கிறது. முதல் துண்டு 4 மணி டேக், அடுத்தது 7.30 மணி டேக்.

அந்தப் பதிவில் ஒத்துக்குப் (சுருதிக்காகக் கூடவே ஊதும் குழல்) பதில் துருத்தி வைத்த சுருதிப்பெட்டி போட்டிருந்தார்கள். ஒட்டுக்கு முன்னும் பின்னும் அதன் ஒலியை மட்டும் தனியாக அளந்தோம். முன்னால் 317 ஹெர்ட்ஸ், பின்னால் 321ஐ ஒட்டி. ஒரே பெட்டி, ஒரே பித்தளை நாக்கு. மனிதர் உற்சாகத்தில் சுருதியைக் கொஞ்சம் தூக்கலாம். பித்தளை நாக்குக்கு சாமி வராது. ஒட்டு கடக்கும் அந்த நொடியில் சுருதிப்பெட்டி தாவுகிறது என்றால் இரண்டு துண்டுகளும் வெவ்வேறு வேகத்தில் பதிவானவை. மாலையில் 49ஆக இருந்த மின்சாரம் விளக்கு எரியத் தொடங்கிய பிறகு 48.5க்கு இறங்கியிருக்கிறது. ஊர் முழுக்கச் சிலாகித்த அந்த எழுச்சியில் வித்வானின் பங்கு பெரிது, சந்தேகமில்லை. ஆனால் ஒரு சிறு பங்கு அன்றைய மின்தட்டுப்பாட்டினுடையது.

இன்னொரு சாட்சி ஹம். மைக் ஒயர்களில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் மின்சாரத்தின் முனகல் கொஞ்சம் டேப்பில் ஏறிவிடும். அந்த ஹம்மின் அலைவெண் ஒட்டுக்கு முன்னும் 50, பின்னும் 50. மாறவே இல்லை. இதைப் பார்த்துவிட்டு "மின்சாரம் சரியாகத்தானே இருந்திருக்கிறது" என்று ஒருவர் முடிவுகட்டலாம். விஷயம் நேர்மாறானது. மின்சாரம் 49க்கு இறங்கும்போது ஹம்மும் 49, அதே மின்சாரத்தால் மோட்டாரும் அதே விகிதத்தில் மெதுவாகிறது. திரும்பச் சரியான வேகத்தில் ஓட்டும்போது அந்த 49, 50ஆக எழுந்துவிடும். மின்சாரம் எங்கே போனாலும் ஹம் 50இல்தான் நிற்கும். சுருதிப்பெட்டி தாவ, ஹம் அசையாமல் நிற்பதுதான் மோட்டாரும் மின்சாரமும் பூட்டிக்கொண்டு ஓடின என்பதற்கான நிரூபணம்.

கேட்டது எங்கள் இயந்திரத்தின் சொந்த ஹம் இல்லையா என்ற கேள்வி நியாயமானது. ரெவாக்ஸின் வேகக் குமிழைச் சற்றே திருப்பிப் பார்த்தோம். டேப்பில் பதிந்த ஹம் வேகத்தோடு சேர்ந்து நகர்ந்தது. எங்கள் இயந்திரத்தின் மெல்லிய ஹம் தனியாக 50இலேயே நின்றது. இரண்டையும் பிரித்தாயிற்று.

சுருதிப்பெட்டி

கடைசிச் சாட்சி வீட்டிலேயே இருந்தது. அதே சுருதிப்பெட்டியைத் தாத்தாவின் படத்துக்குக் கீழே துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். துருத்தியின் ஓரத்தில் தோல் விரிந்திருந்தது. பட்டன் ஒன்று உள்ளே அமுங்கிக் கிடந்தது. இரண்டரைக் கட்டை நாக்கை மட்டும் திறந்து பேரன் துருத்தியை அசைத்தார். 311 ஹெர்ட்ஸ். பித்தளை நாக்கில் தூசும் களிம்பும் ஏறினால் சுருதி கொஞ்சம் நகரும், ஆனால் அரைஸ்வரத்தில் பாதி அளவுக்கு நகராது. 317ஐ இரண்டு சதவீதமும், 321ஐ மூன்று சதவீதமும் இறக்கினால் இரண்டும் 311இல் வந்து நிற்கின்றன.

டோன், ஒட்டு, ஹம், சுருதிப்பெட்டி ஆகிய நான்கும் ஒரே பதிலைச் சொல்கின்றன. வித்வான் வாசித்தது இரண்டரைக் கட்டை. டி.என். ராஜரத்தினம் பிள்ளை நிலைநாட்டிய நீண்ட பாரி நாயனத்துக்குப் பொருத்தமான சுருதி. தட்டில் கேட்பது இரண்டரைக்கும் மூன்றுக்கும் நடுவில், எந்த நாயனத்துக்கும் சேராத ஓர் இடம். குருவின் நாயனத்திலும் குறையில்லை, பேரனின் காதிலும் குறையில்லை.

இறக்கிக் கேட்டபோது

வேகத்தை அந்தந்தப் பகுதிக்கு ஏற்ப இறக்கி டேப்பைக் கேட்டோம். பெரம்பூரில் ரயில் பாதைக்கு அருகே வீடு என்பதால் ராத்திரி, சத்தம் குறைந்த பிறகு. பேரன், பெரியப்பா, பட்டாளத்துப் பெரியவர், நான்.

தட்டைவிடத் தெளிவு என்று பொதுவாகச் சொன்னால் எதுவும் சொன்னதாகாது. தவிலை எடுத்துக்கொள்கிறேன். தட்டில் தவில் ஒரே திரளாகக் கேட்கும். டேப்பில் வலந்தலையில் விரல் கூடுகள் விழும் சொடுக்கு வேறு, இடந்தலையில் குச்சி விழும் அடி வேறு, அடித்த பிறகு தோல் அதிர்ந்து அடங்கும் நேரம் வேறு. மூன்றும் தனித்தனியாகத் தெரிகின்றன. தட்டு வெட்டும்போது ஊசி துள்ளாமல் இருக்க உச்சங்களை அடக்கியிருக்கிறார்கள். அதிலும் தனி வருவது பக்கத்தின் கடைசியில், லேபிளை ஒட்டிய உள்வட்டத்தில். தட்டின் ஒலி மிகவும் கெடும் இடம் அது. தவில்காரருக்குத் தட்டு செய்த அநியாயம் அன்றைக்குத்தான் எங்களுக்கு விளங்கியது. ஆலாபனைக்கு முன்னால், தட்டில் வெட்டிவிட்ட ஒரு பகுதியில், வித்வான் சீவாளியை (நாயனத்தில் ஊதும் நாணல்) வாயில் வைத்து ஊறவிட்டு இரண்டு தடவை மெலிதாக ஊதிப் பார்க்கிறார். முதல் ஊதல் கரகரக்கிறது. சீவாளியை மாற்றுகிறார். இரண்டாவது சரியாக நிற்கிறது.

சுருதி இறங்கியதும் நாயனத்தின் உடம்பு கூடிற்று. தட்டில் கொஞ்சம் மூக்கடைத்தாற்போல் இருந்த ஒலி மரத்தின் கனத்தோடு வந்தது. வேகமும் சேர்ந்து குறைவதால் பக்கம் முழுவதும் 35 விநாடி போல நீண்டது. பேரனுக்கு அதுதான் பெரிய செய்தி. தட்டில் ஒரு பிருகா (வேகமாக உருளும் ஸ்வரக்கோவை) இருக்கிறது, எத்தனை முறை முயன்றும் அந்த வேகத்துக்கு அவருக்கு விரல் வரவில்லை. தாத்தா வாசித்த உண்மையான வேகத்தில் அது கடினம், ஆனால் மனிதர் வாசிக்கக்கூடியது.

பெரியப்பாவுக்கு ஒன்பதாவது நிமிடம் பிடிக்கவில்லை. தாவல் இல்லாமல் ஒரே சுருதியில் ஓடுவது அவருக்குச் சப்பென்று இருந்தது. "எங்க கல்யாணத்துல கேட்டது இது இல்லப்பா" என்றார். அவரை மறுக்க நான் தயாரில்லை. அவர் கேட்டு வளர்ந்த தட்டும் உண்மையான ஒரு பொருள்தான். அதை யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லை. ஆனால் பேரன் கேட்ட கேள்வி வேறு.

இது நம் ஊரில் மட்டும் நடந்ததில்லை

மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் புளூ' உலகத்தில் அதிகம் விற்ற ஜாஸ் ஆல்பங்களில் ஒன்று. 1959 மார்ச் 2 அன்று நியூயார்க்கில் கொலம்பியாவின் 30ஆம் தெரு ஸ்டூடியோவில் நடந்த முதல் அமர்வில் முக்கிய டேப் இயந்திரம் மெதுவாக ஓடியது. அதனால் முதல் பக்கத்தில் உள்ள மூன்று உருப்படிகளும் முப்பது வருடங்களுக்கு மேலாகச் சுருதி ஏறியபடியே விற்றன. அமர்வில் பக்கத்தில் இன்னொரு இயந்திரம் சரியான வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரண்டாம் டேப்பிலிருந்து 1992 மறுவெளியீட்டில்தான் சரிசெய்தார்கள்.

அவர்களுக்கு இரண்டாவது டேப் இருந்தது. நமக்குப் பித்தளை நாக்கு இருந்தது. இரண்டிலும் நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: மாஸ்டர் என்பதாலேயே ஒரு டேப் சொல்வது சரியாகிவிடாது. இந்த வழக்கில் பிசகு நுழைந்ததே மாஸ்டரில்தான். தொழிற்சாலை தனக்கு வந்ததை ஒழுங்காகத்தான் வெட்டியிருக்கிறது. ஆனாலும் அந்தப் பிசகைக் கண்டுபிடிக்க வழி வைத்திருந்ததும் அதே மாஸ்டர்தான். டோன், ஒட்டு, பெட்டியில் எழுதிய நேரம் இவற்றில் எதுவும் தட்டுக்கும் கேசட்டுக்கும் போகவில்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். ஸ்பூலைக் கணினிக்கு மாற்றும்போது பாட்டு தொடங்கும் இடத்திலிருந்து மட்டும் பதிவு செய்யும் பழக்கம் நம் ஊரில் பரவலாக இருக்கிறது. டோன் "வெறும் கூவல்" என்று வெட்டிப் போகிறது. பெட்டி பழைய பேப்பர்காரருக்குப் போகிறது. பாட்டைக் காப்பாற்றிவிட்டதாகத் தோன்றும். அதைச் சரியாகக் கேட்பதற்கான ஒரே வழியைத் தூக்கி எறிந்தாயிற்று.

மாஸ்டர் டேப்பின் நேர்நகல் என்று இப்போது வெளிநாட்டில் புது ரீல்களைப் பெரிய விலைக்கு விற்கிறார்கள். நம் ஊரிலும் வாங்குவோர் இருக்கிறார்கள். வாங்கலாம், நல்ல நகல்கள் அற்புதமாக இருக்கும். எத்தனையாவது நகல், எந்த ஈக்குவலைசேஷன், டோன் உண்டா என்று எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். மாஸ்டரிலிருந்து நேராக வெட்டிய தட்டுகள் என்று ரசிகர்கள் நம்பி வாங்கிய, அமெரிக்கக் கம்பெனியான மொபைல் ஃபிடலிட்டியின் வெளியீடுகள் பலவற்றின் நடுவில் ஒரு டிஜிட்டல் படி இருந்தது 2022இல் வெளியே வந்தது. தட்டுகளின் ஒலியை அதுவரை பலரும் புகழ்ந்தே வந்தார்கள். ஆனால் எதிலிருந்து எது வந்தது என்று தெரிந்துகொள்வது காசு கொடுப்பவரின் உரிமை.

இப்போதைய நிலை

டோன் முதல் கடைசி வெற்று டேப் வரை 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிவெடுத்திருக்கிறோம். அதில் வேகம், ஒலி எதையும் திருத்தவில்லை. நாளைக்கு வேறொருவர் எங்கள் முடிவு தவறு என்று நினைத்தால் அவர் முதலிலிருந்து தொடங்க வழி இருக்க வேண்டும். சுருதி இறக்கியது தனிப் பிரதி. பேரன் அதை வைத்துத்தான் சாதகம் செய்கிறார். டேப்பைக் கடைசிப் பக்கம் வெளியே வரும்படி சுற்றி வைத்திருக்கிறோம். பக்கத்துச் சுற்றின் காந்தம் ஊறி வரும் நிழலொலி அப்போது ஒலிக்கு முன்னால் கேட்காமல் பின்னால் விழும், காதை உறுத்தாது. பழைய பெட்டி அப்படியே ஒரு புதுப் பெட்டிக்குள் இருக்கிறது, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு.

திருத்திய பிரதியை வெளியிடச் சொல்லிச் சிலர் கேட்டார்கள். நம் சட்டப்படி ஒலிப்பதிவுக்கு வெளியான அடுத்த வருடத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு உரிமை உண்டு. 1982இலேயே வெளியானது என்றால் 2042 முடியும்வரை அது கம்பெனியின் சொத்து. டோன் அளவுகள், ஒட்டின் படம், சுருதிப்பெட்டியின் பதிவு எல்லாவற்றையும் இணைத்துக் குடும்பத்தார் கம்பெனிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்கள்.

இரண்டாம் பக்கத்து ரீல் பாக்கி. அதில் டோன் இல்லை, பெட்டியில் நேரமும் எழுதவில்லை. நான்கு ஒட்டுகள் தெரிகின்றன. சுருதிப்பெட்டி பின்னணியில் ஓடுகிறது என்று பெரியவர் சொல்கிறார். மழைக்காலம் முடிந்ததும் அதைச் சூடேற்றுவோம். ஒவ்வொரு ஒட்டுக்கும் இரண்டு பக்கமும் சுருதிப்பெட்டியின் ஒலியை அளந்து, துண்டு துண்டாகத்தான் அதன் வேகத்தைக் கட்ட வேண்டியிருக்கும்.